செவலையின் முதுகில் இரண்டு சுழி

அன்புக்கரசி காலை ஏழரைக்குக் கம்பெனிக்குக் கிளம்புவாள். சாப்பாட்டுத் தூக்கு, தண்ணீர் பாட்டில், மூக்கில் கட்டிக்கொள்ள ஓர் ஈரத்துண்டு. பீங்கான் கம்பெனியில் அந்தத் துண்டு மதியத்துக்குள் காய்ந்து அப்பளம் மாதிரி விறைத்துப்போகும். சாயங்காலம் அதை நான்தான் அலசுவேன். வாளித் தண்ணீர் பாலாக வெளுக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பசுமாடு ஞாபகம் வரும். அந்த மாட்டை நாங்கள் வாங்கவில்லை. வாங்கவிடாமல் தடுத்தது நான்.

அன்பு என் இளைய மகன் குருமூர்த்தியின் பெண்டாட்டி. அவளைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அன்பு பெற்ற பேத்தி வெண்பா எழுதிக்கொள்கிறாள். சொன்னதை மாற்றி எழுதக் கூடாது என்று முதலிலேயே சத்தியம் வாங்கிவிட்டேன். அதற்குக் காரணம் உண்டு, பின்னால் வரும்.

அன்பு பிறந்தது திட்டக்குடிப் பக்கம். அப்பன் வீட்டில் நாலு ஆடு இருந்தது, மாடு கிடையாது. வாழ வந்த மறுவருஷமே விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனியில் சேர்ந்தாள். கரண்டுப் பெட்டிக்குள் வெள்ளையாக ஒரு பியூஸ் கேரியர் இருக்குமே, அந்த மாதிரிச் சாமான்கள் செய்கிற இடம். அச்சிலிருந்து எடுத்த ஈரச்சாமானின் பிசிறைக் கத்தியால் சீவித் துடைப்பது முதலில் அவள் வேலை. பிறகு சூளையில் வெந்து வந்ததைத் தரம் பிரிக்க விட்டார்கள். ஒவ்வொன்றையும் எடுத்து விரல் கணுவால் தட்டுவாள். கணீரென்று கேட்டால் நல்லது. சத்தம் அடைத்துக் கேட்டால் உள்ளே விரிசல். மேலே எவ்வளவு பளபளத்தாலும் தூக்கி ஓரம் வைத்துவிடுவாள். அவள் தட்டி அனுப்பிய சாமான் திரும்பி வராது என்று கம்பெனியில் பேச்சு. ஆனால் தரம் பிரிப்பதும் அதே கொட்டகையில்தான். தூசி அங்கே எல்லாருக்கும் பொது.

பத்து வருஷம் கழித்து இருமல் வந்தது. சளி என்று நினைத்தோம். கஷாயம் வைத்துக் கொடுத்தேன். அது போகவில்லை. பெரியாஸ்பத்திரி டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "மாத்திரை குடுக்கலாம்மா. ஆனா நீங்க தூசிக்குள்ளயே நின்னா மாத்திரை என்ன பண்ணும்? சீக்கிரம் வேற வேலை பாருங்க" என்றார்.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது அன்பு சொன்னாள்.

"அத்த, கறவ மாடு ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். பின்னாடி இருக்கிற எடத்துல புல்லு போட்டுக்கலாம். பால சொசைட்டிக்கு ஊத்திட்டு கம்பெனிய விட்டுடுறேன்."

"உனக்கு மாட்டப் பத்தி என்னா தெரியும்? கொம்பு எந்தப் பக்கம், வாலு எந்தப் பக்கம்னு தெரியுமா?"

"கொம்பு இல்லாத மாடா பாத்து வாங்கிக்கிறேன் அத்த. பாதி கவலை வுட்டுது."

குருமூர்த்தி பெண்ணாடம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு லாரி ஓட்டுகிறவன். வெட்டு நடக்கும் காலத்தில் வீட்டுப்பக்கமே தலை காட்ட மாட்டான். "நீங்க ரெண்டு பேரும் பாத்து முடிவு பண்ணுங்க" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டான்.

அன்பு பத்து வருஷமாகச் சீட்டுப் பிடித்துச் சேர்த்தது ஒரு மாட்டுக்குத்தான் காணும். அது சரியாக அமைந்தால் தூசியிலிருந்து வெளியே வரலாம். தவறினால் இன்னொன்று வாங்க வழி இல்லை. இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதனால்தான் அவள் அவசரப்படவில்லை. மாட்டாஸ்பத்திரியில் மூன்று நாள் பயிற்சி வைத்தார்கள். போனாள். பால் கறக்கவும் பழகிக்கொண்டு, நோட்டு நிறைய எழுதி வந்து எனக்குப் படித்துக் காட்டினாள். நாட்டு மாடு வெயிலுக்கும் நோய்க்கும் அசையாது, ஆனால் கொடுக்கிற பால் வீட்டுக்குத்தான் ஆகும், சம்பளத்துக்கு ஈடாகாது. எச்.எஃப். என்கிற கருப்பு வெள்ளை மாடு குடம் குடமாகக் கறக்கும், ஆனால் அதற்குக் குளிர்ச்சி வேண்டும், தீனி மலையாக வேண்டும், பழகின கை வேண்டும். புதிதாக மாடு வளர்க்கிறவர்கள் இந்த ஊர் வெயிலுக்கு ஜெர்சி கலப்பாகப் பார்த்து வாங்க வேண்டும். சின்ன உடம்பு, அளவான தீனி. அதுவும் இரண்டாவது ஈத்தில் கறந்துகொண்டிருக்கிற சாது மாடாக. இதெல்லாம் டாக்டரம்மா சொன்னது. நான் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டேன்.

பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் மாடு பார்க்கப் போனாள். கம்பெனியில் அவள் பக்கத்தில் உட்காரும் பூர்ணிமா தன் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போவாள். பூர்ணிமாவும் கம்பெனியை விட்டுவிட நினைத்திருந்தவள்தான். இரண்டு மாதம் அலைந்து, ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் செவலை நிறத்தில் ஜெர்சி கலப்பு ஒன்றைப் பிடித்தார்கள். வீட்டுக்காரர்கள் சென்னைக்கு மகனிடம் போகிறார்கள், அதனால் விற்கிறார்கள். அன்பு சாயங்காலம் போய்த் தானே கறந்து பார்த்தாள். மறுநாள் காலையும் போய்க் கறந்தாள். இரண்டு வேளைக்கும் சேர்த்து ஒன்பது லிட்டர். நாலு காம்பும் ஒரே மாதிரி இறங்கியது.

"தட்டிப் பாத்தியாடி?" என்று கிண்டல் செய்தேன்.

"பாத்தேன் அத்த. கணீர்னு இருக்குது."

அடுத்த வாரம் என்னையும் பஸ்ஸில் அழைத்துப் போனாள். மாட்டைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. அதையும் சொல்லிவிட வேண்டும். மை தீட்டினது மாதிரிக் கண். புதுக் கை பட்டதும் மிரளவில்லை, என் உள்ளங்கையை நக்கியது. கழுத்தைத் தடவிக்கொண்டே முதுகுக்குக் கையைக் கொண்டுபோனேன். முதுகெலும்புக்கு அந்தப் பக்கம் ஒரு சுழி, இந்தப் பக்கம் ஒரு சுழி. நேருக்கு நேர்.

மாட்டின் உடம்பில் மயிர் எங்கே எப்படிச் சுழித்திருக்கிறது என்று பார்த்து நல்லது கெட்டது சொல்வது எங்கள் வழக்கம். இப்படி இரண்டு பக்கமும் எதிரெதிராக நின்றால் அதற்குப் பாடைச்சுழி என்று பெயர். பாடையில் இரண்டு பக்கமும் கழி கட்டுவார்கள் இல்லையா, அந்த மாதிரி. அந்த மாடு நுழைகிற வீட்டில் பிணம் விழும் என்பார்கள்.

என் வீட்டுக்காரர் பச்சமுத்து ஒரு காளை பிடித்து வந்தார். அதன் முதுகிலும் இதே சுழி. என் மாமியார் வேண்டாம் என்று கத்தினாள். அவர் சிரித்தார். நாற்பதாம் நாள் களத்துமேட்டில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. அப்போது குருமூர்த்திக்கு நாலு வயது. அதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோடா வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். அதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. காளையைத்தான் நினைத்தேன், முப்பது வருஷமாக.

செவலையின் முதுகிலிருந்து கையை எடுத்தேன். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அத்த, எழுந்திருங்க. வூட்டுக்காரங்க பாக்குறாங்க."

"பாக்கட்டும். இந்த மாடு நம்ம வாசப்படி ஏறினா நான் எறங்கிடுவேன்."

"டாக்டரம்மா மடிய பாரு, காம்ப பாரு, பல்ல பாருன்னாங்க. சுழிய பாருன்னு சொல்லலியே அத்த."

"டாக்டரம்மா வூட்லயா பாடை கட்டினாங்க? என் வூட்ல கட்டினாங்க."

அன்பு என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமிக்கொண்டே வந்தாள்.

நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்து, "சரி அத்த. நீங்களே ஒரு மாடு பாருங்க. மொதல்ல சாப்புடுங்க" என்றாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து இரண்டு கரண்டி அதிகமாகவே சாப்பிட்டேன்.

செவலையைப் பூர்ணிமா வாங்கிக்கொண்டாள். வாங்கச் சொன்னதே அன்புதான். "நான் கறந்து பாத்த மாடு. நீயாவது ஓட்டிக்கிட்டு போ" என்றாளாம். நான் விடுவேனா? பூர்ணிமா வீட்டு வாசலுக்கே போய் எச்சரித்தேன்.

"வேணாம்டி. உன் மாமனாருக்கு எண்பது வயசு ஆவுது."

"அதான் ஆயா, எண்பது ஆயிடுச்சே! இனிமே சுழி என்னா பண்ணிடப் போவுது?" என்று சிரித்தாள். உள்ளேயிருந்து கிழவர், "யாரது? என்னப் பத்தியா பேசுறீங்க?" என்று குரல் கொடுத்தார்.

பிறகு நான் மாடு தேடினேன். தரகன் திருமால் ஒரு கருப்பு வெள்ளை எச்.எஃப். மாட்டைக் காட்டினான். தலைச்சன் ஈத்து. யானைக்குட்டி மாதிரி நின்றது. நெற்றி நடுவில் ஒற்றைச் சுழி. எங்கே கை வைத்தாலும் நல்ல சுழி. நான் மடியைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. அன்பு மெதுவாக, "அத்த, டாக்டரம்மா இந்த ஜாதிதான் வேணாம்னாங்க" என்றாள். நான் கேட்காதது மாதிரி நின்றேன்.

திருமாலே சொன்னான்: "ஆயா, விக்கிறவன் நானே சொல்றேன். இது ஓசூர்ப் பக்கத்துலேர்ந்து வந்த மாடு. அங்க குளுகுளுன்னு இருக்கும். நம்மூரு சித்திரை வெயிலு தாங்குமான்னு யோசிச்சிக்குங்க. மொத மாடுன்னு வேற சொல்றீங்க."

"நீ விக்க வந்தியா, வேணாம்னு சொல்ல வந்தியா?"

"நாளைக்கி திருமாலு சொல்லலன்னு பேச்சு வரக் கூடாதில்ல ஆயா."

தை மாதம் மாடு வந்தது. கொரோனா ஓய்ந்த அடுத்த வருஷம் அது. ராணி என்று பெயர் வைத்தோம். அன்பு கம்பெனிக்குப் போவதை நிறுத்தினாள். ராணி ஒரு நாளைக்குப் பதினெட்டு லிட்டர் கறந்தாள். பால் சொசைட்டி வாசலில் நான் வேண்டுமென்றே கேனை மெதுவாக இறக்குவேன், நாலு பேர் பார்க்கட்டும் என்று. அன்புக்கு இருமல் குறைந்தது. மாசிக் கடைசியில் ஒரு நாள் புல் அறுத்துக்கொண்டே அவள் பாட்டு முணுமுணுத்தது வீட்டுக்குள் கேட்டது. அவள் பாடி நான் கேட்டதே இல்லை. மூச்சு இருந்தால்தானே பாட்டு வரும்.

அந்த இரண்டு மாதம்தான்.

சித்திரை பிறந்ததும் தகரக் கொட்டகை கொதித்தது. ராணி வாயைத் திறந்து, நாக்கை நீட்டி, எச்சில் ஒழுக நாய் மாதிரி இரைத்தாள். பகலில் தீனியைத் தொட மாட்டாள். அன்பு தகரத்தின் மேல் தென்னங்கீற்றுப் பரப்பினாள். சாக்கை நனைத்து மாட்டின் முதுகில் போட்டாள். அது காய்வதற்குள் அடுத்த குடம் தூக்கி வருவாள். வெயில் இறங்கும்வரை இதே வேலை. பதினெட்டு பதினொன்றானது. பதினொன்று ஆறானது. வைகாசியில் மடி வீங்கி ஒரு காம்பு கல்லாக இறுகிப்போனது. பீய்ச்சினால் திரிதிரியாகத் தயிர் மாதிரி வந்தது, கொஞ்சம் ரத்தமும்.

டாக்டரம்மா வந்தாள். மாட்டைப் பார்த்ததுமே அன்பைத்தான் கோபித்தாள்.

"பயிற்சியில நான் என்னம்மா சொன்னேன்? முதல் மாடு இதையா வாங்குவாங்க? நீதானே நோட்டுப் போட்டு எழுதிட்டு இருந்தே?"

"தெரியாம வாங்கிட்டேன் மேடம்" என்றாள் அன்பு.

நான் வெந்நீர் வாளியோடு அவளுக்குப் பின்னால்தான் நின்றேன். 'நான்தான் வாங்க வைத்தேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாளிக்குள் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மடி ஓரளவு தேறியது. ஆனால் மூன்று முறை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. ஆவணியில் விற்றோம். எங்கள் பக்கம் மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்க மாட்டோம். வேன் ஏறும்போது அன்பு கயிற்றை அவிழ்த்து, வந்தவர்கள் கொண்டுவந்த கயிற்றைப் போட்டு அனுப்பினாள். எங்கள் கயிறு கொட்டகை ஆணியில் தொங்கியது. புரட்டாசி முதல் தேதி அவள் மறுபடியும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டாள்.

எனக்கு யார் மேலாவது பழியைப் போட்டாக வேண்டும். திருமால் நோய் மாட்டைத் தலையில் கட்டிவிட்டான் என்று சொல்லிச் சொல்லி நானே அதை நம்பிவிட்டேன். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டுவது என்று முடிவு செய்தேன். கோர்ட்டில் மனுக் கொடுப்பது மாதிரித்தான். குறையைக் காகிதத்தில் எழுதி, முனியப்பர் சந்நிதி வேலில் கட்டிவிட்டு வர வேண்டும். மூன்று நாளில், மூன்று வாரத்தில், இல்லையென்றால் மூன்று மாதத்தில் சாமி கேட்கும்.

எழுத எனக்கு அன்பை விட்டால் யார்? கோயில் நிழலில் உட்கார்ந்து நான் சொன்னேன்: "திருமால் என்கிற தரகன் சீக்கு மாட்டை நல்ல மாடுன்னு வித்து எங்கள மோசம் பண்ணிட்டான். அவன் நல்லா இருக்கக் கூடாது." அவள் எழுதினாள். படிக்கச் சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் படித்தாள். மடித்துக் கட்டிவிட்டு வந்தோம்.

மூன்று மாதம் போனது. திருமால் புது பைக் வாங்கினான். மார்கழியில் கடைத்தெருவில் என்னைப் பார்த்துவிட்டு பைக்கை நிறுத்தி, "ஆயா, சௌக்கியமா? ஏறுங்க, வூட்ல எறக்கி வுடுறேன்" என்றான். அன்று வீட்டுக்கு வந்து சாமியைத் திட்டித் தீர்த்தேன். துண்டை உதறிக்கொண்டிருந்த அன்பு நிறுத்தினாள்.

"சாமிய திட்டாதீங்க அத்த. நான் அவரு பேர எழுதவே இல்ல."

"பின்ன என்னாத்த எழுதின?"

"ஒரு மாடு வாங்கினோம், சரியா அமையல. யாரு மேலயும் குத்தம் இல்ல. அத்த மனசு ஆறணும்னு எழுதினேன்."

"நான் சொன்ன மாதிரியே படிச்சியேடி?"

"நீங்க சொன்னது ஞாபகம் இருந்துது. அதச் சொன்னேன். அந்தாளு சொல்லித்தானே வித்தாரு அத்த. பொய்ப் பிராது கட்டினா கட்டினவங்களயே திருப்பி அடிக்கும்னு எங்க அம்மா சொல்லும். உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா?"

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. எழுத்துத் தெரியாதவளை ஏமாற்றிவிட்டாள் என்று ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அந்த ஒரு வாரமும் என் துணியையும் சேர்த்துத்தான் துவைத்தாள்.

பூர்ணிமாவின் செவலை வருஷம் தவறாமல் ஈன்றது. இரண்டு கிடாரி, ஒரு காளைக்கன்று. பூர்ணிமா கம்பெனியை விட்டு மூன்று வருஷமாகிறது. இன்றைக்கு அவள் கொட்டகையில் நாலு உருப்படி. மாமனாருக்கு எண்பத்து நாலு ஆகிறது. வெற்றிலை இடித்துக் கொடுக்கவில்லை என்று காலையிலேயே சண்டை போடுகிறார்.

போன பொங்கல் கழிந்து ஒரு வாரத்தில் பூர்ணிமா வந்தாள். "ஆயா, செவலையோட மூத்த கிடாரி எட்டு மாச சினை. அன்பு அக்காதான் எனக்கு இந்த மாட்டக் காட்டினாங்க. அவங்க ஓட்டிக்கிட்டு போகட்டும். காசெல்லாம் பொறுமையா பாத்துக்கலாம்" என்றாள்.

நான் அன்பைக் கேட்கவே இல்லை. ஆணியில் தொங்கிய கயிற்றை எடுத்துக்கொண்டு பூர்ணிமாவோடு கிளம்பிவிட்டேன். கிடாரியும் அதே செவலை. பழக்கதோஷத்தில் கை முதுகுக்குப் போனது. அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. தாயை உரித்துக்கொண்டு வந்திருந்தது. கையை எடுத்தேன். கயிற்றை மாட்டி வீட்டுக்கு ஓட்டிவந்து கட்டினேன். சுழி பொய் என்று இன்றைக்கும் என் வாயால் சொல்ல மாட்டேன். யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன். ஆனால் என் வாசலில் அதை நானே கட்டினேன்.

சாயங்காலம் அன்பு வந்தாள். கிடாரியைப் பார்த்ததும் தூக்கைக் கீழே வைத்துவிட்டு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மடியைப் பார்த்தாள், பல்லைப் பார்த்தாள். பிறகு கொட்டகைத் தூணில் சாய்ந்து நின்று மூச்சு வாங்கினாள்.

"அத்த, நல்ல உருப்படி. ஆனா என்னால ஆவாது."

"ஏன்டி?"

"ஒரு கொடம் தூக்கினா நெஞ்சு அடைக்குது. புல்லு அறுக்கணும், சாணி அள்ளணும், தண்ணி எடுக்கணும். கம்பெனியில ஒரே எடத்துல உக்காந்து தட்டுற வேல. அதுதான் இப்ப முடியுது. வெண்பா படிச்சி முடிக்கிறவரைக்கும் நான் எதையாவது செஞ்சாவணும்ல."

"நான் அறுக்கிறேன். நான் அள்ளுறேன்."

"எழுபத்தாறு வயசுல?"

"ஆமா, எழுபத்தாறு வயசுலதான்."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அது நிற்கும்வரை காத்திருந்துவிட்டு, கிடாரியின் கயிற்றை அவிழ்த்து என் கையில் கொடுத்தாள். மறுநாள் காலை நானே ஓட்டிக்கொண்டுபோய்ப் பூர்ணிமா வீட்டில் விட்டுவிட்டு வந்தேன்.

அதற்கு அடுத்த வாரம் தனியாகப் பஸ் ஏறிக் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனேன். வாசலில் ஒருவர் எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"யாரு மேல ஆயா பிராது?"

"பூவாயி மேல."

"பூவாயின்றது யாரு?"

"நான்தான்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அடுத்தவங்க மேலதான் ஆயா இதுவரைக்கும் எழுதிக் குடுத்திருக்கேன். உங்க மேல நீங்களே கட்டினா சாமி யாரைப் போய்க் கேக்கும்?" என்றார். அரை மணி நேரம் வாதாடினேன். பின்னால் ஆட்கள் நின்றார்கள். என் நெற்றியில் திருநீறு பூசி அனுப்பிவிட்டார். அங்கே எழுத மாட்டேன் என்றதைத்தான் இங்கே வெண்பாவை எழுதச் சொல்லியிருக்கிறேன்.

முதல் மாடு வாங்கப் போகிறவர்கள் வீட்டில் என்னை மாதிரிக் கிழவி ஒருத்தி இருப்பாள். அவளைப் பட்டினி கிடக்க விடுங்கள். இரண்டு நாள் பட்டினியில் யாரும் செத்துப்போவதில்லை.

காலை ஆறு மணிக்குப் பூர்ணிமாவின் கேன் எங்கள் தெருவில் வரும். செவலையின் பாலை மற்றதோடு கலக்காமல் ஒரு சொம்பில் தனியாக எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். ஏனென்று அவள் கேட்டதில்லை. அதைக் காய்ச்சி டீ போட்டுக் கொடுப்பேன். அன்பு வாசலில் நின்றபடியே குடிப்பாள்.

"பாலு நல்லா இருக்குது அத்த" என்பாள். தினமும் சொல்லுவாள்.

நான் துண்டை நனைத்துப் பிழிந்து அவள் கையில் கொடுப்பேன்.